மந்தமான கணனிக்கு மருந்து என்ன?



பிள்ளைகளின் படிப்புக்கென்று சீட்டுக் காசில் வாங்கிய மேசைக் கணனி சில வருடங்களில் மந்தமாகிவிடுகிறது. சுவிட்சைப் போட்டு, தேநீர் ஊற்றிக் குடித்து முடித்த பிறகுதான் திரை தெளிகிறது. "இது பழசு உம்மா, புதுசு வாங்குவோம்" என்கிறான் மகன். கடைக்காரரும் அதையே சொல்கிறார். உடனே கையில் கிடப்பதைக் கழற்றி அடகு வைக்கப் புறப்பட்டு விடாதீர்கள். கோளாறு எங்கே என்று முதலில் பாருங்கள்.

கணனியின் மூளை புரொசஸர். வேலை நடக்கும்போது சாமான்களைப் பரப்பி வைக்கும் மேசை ரேம். எல்லாவற்றையும் பூட்டி வைக்கும் களஞ்சிய அறைதான் ஹார்ட் டிஸ்க் எனும் வன்தட்டு. எவ்வளவு கெட்டிக்காரி சமைத்தாலும், உப்புக்கும் புளிக்கும் ஒவ்வொரு தடவையும் பின்வளவுக்கு ஓட வேண்டுமென்றால் சோறு எப்போது ஆகும்? பழைய கணனிகளிலும் மலிவாக வாங்கிய பாவித்த கணனிகளிலும் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

வன்தட்டுக்குள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. ஒரு சிறு முனை அவற்றின் மேல் நகர்ந்து தகவலைப் படிக்கிறது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 50 தட்டுகள் இருந்தும், அது கொண்டது சுமார் 50 இலட்சம் எழுத்துகள்தான். இன்றைய ஒரு டெராபைட் டிஸ்க் அதைப்போல ஏறத்தாழ இரண்டு இலட்சம் மடங்கு கொள்ளும். ஆனால் சுழலும் வேகமோ? அன்று நிமிடத்துக்கு 1,200 சுற்று. மேசைக் கணனி டிஸ்க்குகளில் இன்று 5,400 அல்லது 7,200 சுற்று. கொள்ளளவு வளர்ந்த அளவுக்கு வேகம் வளரவில்லை.

7,200 சுற்றானாலும், முனை உரிய இடத்துக்கு நகர்ந்து, தட்டும் சுழன்று வந்து சேர ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கும். ஆகவே அங்குமிங்கும் கிடக்கும் சிறு கோப்புகளில் செக்கனுக்கு நூறைக்கூட அதனால் எடுத்துத் தர முடியாது. கணனி தொடங்கும்போது தேவைப்படுவதோ ஆயிரக்கணக்கில். தாமதம் அங்கேதான்.

இதை விளம்பரங்கள் சொல்வதில்லை. புரொசஸரின் பெயரும் டிஸ்கின் கொள்ளளவும் பெரிய எழுத்தில் இருக்கும்; சுழல் வேகம் இராது. 1996இல் குவாண்டம் நிறுவனம் "பிக்ஃபூட்" என்ற டிஸ்கை வெளியிட்டது. இடம் அதிகம், விலை குறைவு. சுழன்றதோ 3,600 தடவைதான். மலிவுக் கணனிகளுக்குள் அது புகுந்தது. வாங்கியவர்கள் பார்த்தது இடத்தை மட்டுமே.

இதற்கு மருந்து எஸ்.எஸ்.டி. என்னும் டிஸ்க். அதில் சுழல்வது எதுவுமில்லை. சிறு கோப்புகளைத் தேடியெடுப்பதில் அது வன்தட்டைவிட நூறு மடங்கு வரை விரைவானது. இரண்டரை அங்குல "சாட்டா" வகை, பத்து வருடப் பழைய கணனியிலும் பொருந்தும். வீட்டுப் பாவனைக்கு 250 அல்லது 500 கிகாபைட் போதும்.

வாங்குமுன் இரண்டைக் கவனியுங்கள். கணனி மந்தமாக இருக்கும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். "டிஸ்க்" என்ற இடத்தில் 100 வீதம் நின்றுகொண்டே இருந்தால் குற்றவாளி வன்தட்டு. "மெமரி" நிரம்பியிருந்தால் ரேமையும் கூட்ட வேண்டும். மேசையில் இடமில்லாதபோது கணனி களஞ்சியத்தையே மேசையாக்கிக்கொள்ளும், அதனாலும் மந்தமாகும். அடுத்து, விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. உங்கள் கணனி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று கேட்டறியுங்கள். ஏற்காவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் உண்டு.

பழைய டிஸ்கில் "டக், டக்" என்று சத்தம் கேட்டால் தாமதிக்க வேண்டாம். முதல் வேலை, உள்ளே இருப்பதைப் பிரதி எடுப்பது.

இனி நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். கழற்றிய பழைய டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதற்குள் மகளின் கலியாணப் படங்கள் இருக்கும், அடையாள அட்டைப் பிரதிகள் இருக்கும். "எல்லாம் அழித்துவிட்டோம்" என்பீர்கள். அழிக்கும்போது பெரும்பாலும் போவது கோப்பின் பெயர்ப் பதிவு மட்டுமே. புத்தகத்தில் பொருளடக்கத்தைக் கிழித்தாற்போல. அத்தியாயங்கள் அப்படியே இருக்கும். தெரிந்தவர் மீட்டெடுக்கலாம். நம் பெண்களின் படங்கள் நம்மிடமுள்ள அமானிதம் அல்லவா?

ஆகவே டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் வீட்டிலேயே வைத்து, படங்களின் இரண்டாவது பிரதிக்குப் பயன்படுத்துங்கள். விற்பதானால் முழுவதையும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளால் துடைத்துவிட்டு விற்றுவிடுங்கள். பழுதானதென்றால் திறந்து தட்டுகளைச் சிதைத்துவிடுங்கள்.

வீண்விரயமும் வேண்டாம், கவனக்குறைவும் வேண்டாம். ஒரு பாகத்தை மாற்றினால் போதுமான இடத்தில் முழுக் கணனிக்கும் காசு கொடுக்காதீர்கள்.