நான்காவது இடமும் சாதனைதான்!

குட்டீஸ்... ரமணாசிரமம் பக்கம், கிரிவலப் பாதையில் காலையில் ஓடிப் பழகுகிறீர்களா? போட்டியில் நான்காவதாக வந்தால் அழுகை வருகிறதா? இதைக் கேளுங்கள்!

1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை பி.டி.உஷா 55.42 வினாடியில் ஓடி முடித்தார். வினாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலம் போனது. கிடைத்தது நான்காவது இடம். ஆனால், அந்த நேரம் 39 ஆண்டுகள் தேசிய சாதனையாக நிலைத்தது. 2023ல், ஹாங்சோ ஆசிய விளையாட்டில், கோவை வீராங்கனை வித்யா ராம்ராஜ் அதே 55.42 வினாடியில் ஓடி, அதைச் சமன் செய்தார். இறுதிப் போட்டியில் வெண்கலமும் வென்றார்.

பள்ளி விளையாட்டு விழாவில் முதல் மூன்று பேருக்கு மட்டும் கைதட்டுவது நியாயமா? நான்காவதாக வந்தவருக்கும் தட்டுங்கள். நீங்களே நான்காவது என்றால், உங்கள் நேரத்தை நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை அதை முந்துங்கள்!