முத்து விளையட்டும், நம்ம பத்திரம் போக வேண்டாம்!



உரம் ஏறிக் கிடக்கிறது, ஆள் கூலி ஏறிக் கிடக்கிறது, விளைச்சலுக்கு மட்டும் கட்டுபடியான விலை இல்லை. மாகறல் வட்டாரத்தில் நாம் இப்படித் தவிக்கிற நேரம் பார்த்து வருகிறார்கள், வெள்ளைச் சட்டைக்காரர்கள். "குட்டை வெட்டுங்க, சிப்பி நாங்க தர்றோம், முத்தை நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம், லட்சம் லட்சமா வரும்" என்கிறார்கள். முன்பணம் கேட்கிறார்கள். பணம் இல்லாதவரிடம் பத்திரத்தை அடகு வைக்கச் சொல்கிறார்கள்.

முத்து வளர்ப்பு பொய்த் தொழில் என்று நாம் சொல்லவில்லை. 1973ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கடல் சிப்பிக்குள் கரு வைத்து முத்து எடுத்துக் காட்டினார்கள். கடல் சிப்பி நம்ம தண்ணிக்கு ஆகாது. நமக்கு ஆவது ஏரியிலும் ஆற்றிலும் கிடக்கிற நன்னீர்ச் சிப்பி. அதற்கான முறையைப் புவனேசுவரத்து மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிலையம் உருவாக்கி, பயிற்சியும் தருகிறது.

ஆனால் வேலை லேசானதல்ல. சிப்பியின் வாயைக் கொஞ்சமாகத் திறந்து, சதை கிழியாமல் கரு வைக்க வேண்டும். கை தவறினால் சிப்பி செத்தது. பிறகு சில நாள் தொட்டியில் வைத்துப் பார்த்து, செத்ததை ஒதுக்கி, மிச்சத்தை நைலான் வலைப்பையில் போட்டுக் குட்டையில் தொங்கவிடணும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் காத்திருக்கணும். பக்கத்து வயல் பூச்சிமருந்து குட்டையில் கலந்தால் எல்லாம் போச்சு. பிழைத்த சிப்பியிலும் எல்லாம் நல்ல முத்தாக விளைவதில்லை. சந்தைக்குப் போனால் அங்கே சீனத்து நன்னீர் முத்து மலிவாகக் குவிந்து கிடக்கிறது.

இங்கேதான் சூது இருக்கிறது. நெல்லுக்காவது ஈரப்பதம் 17 சதம் என்று ஒரு அளவு உண்டு, அரசு அறிவித்த விலை உண்டு. அதிலேயே நம்மை என்ன பாடு படுத்துகிறார்கள்! முத்துக்கு அரசு விலை கிடையாது. சிப்பி விற்றவனே வாங்குகிறவன், அவனே தரம் பார்க்கிறவன். "பளபளப்பு இல்ல, உருண்டையா இல்ல" என்று கழித்துவிட்டால் யாரிடம் போய் நிற்பது?

2012ல் பெருந்துறை ஈமு கோழியை மறந்துவிடலாமா? குஞ்சு தர்றோம், தீவனம் தர்றோம், மாசாமாசம் பணம் தர்றோம் என்றார்கள். நம்பிய ஆயிரக்கணக்கான பேர் கடைசியில் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தார்கள். முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997லேயே வந்துவிட்டது. ஆனாலும் பணம் போன பிறகுதான் அது பாய்ந்தது.

ஜரிகையை உரசிப் பார்த்துப் பட்டு வாங்குகிற சீமை நம்ம காஞ்சிபுரம். ஒப்பந்தத்தையும் உரசிப் பாருங்கள். செத்த சிப்பி யார் கணக்கு? திரும்ப வாங்கும் விலை எவ்வளவு? தரத்தை யார் முடிவு செய்வது? இந்த மூன்றுக்கும் முத்திரைத்தாளில் பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரசிடம் நாம் கேட்பது:

1. மீன்வளத்துறையே கிராமத்தில் பயிற்சி நடத்தி, சிப்பியும் கருவும் தரவேண்டும்.

2. முத்தின் தரத்தை அரசு ஆய்வாளர் பார்த்து, குறைந்தபட்ச விலை வைத்துக் கூட்டுறவு மூலம் வாங்கவேண்டும்.

3. ஊருக்குள் வந்து முன்பணம் வசூலிப்பவர்களை, பணம் போகும் முன்பே மாவட்ட நிர்வாகம் விசாரிக்கவேண்டும்.

ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு திரளுங்கள். தனியாகப் போனால் மனு, சேர்ந்து போனால் போராட்டம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!