அச்சகத்துப் பழைய கணினியும் நம் நூல்களும்

நூல் அச்சாகிவிட்டால் எழுத்து நிலைபெற்றுவிட்டது என்றே நாம் நம்பிவருகிறோம். கணினியில் கோக்கப்பட்ட நூல்களைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை அரைகுறையானது. தச்சநல்லூர், சந்திப்பு, பாளையங்கோட்டை வட்டாரத்துச் சிறு அச்சகங்களில் உருவாகும் கவிதைத் தொகுப்புகள், சிற்றிதழ்கள், தலவரலாறுகள் போன்றவற்றின் மூலக்கோப்பு பல நேரம் அச்சகத்துக் கணினியில் மட்டுமே இருக்கும். புதுக் கணினி வந்ததும் பழையது காயலான் கடைக்குப் போய்விடுகிறது.

நகலெடுத்துப் புதியதில் இட்டால் போதாதா என்று நண்பர்கள் கேட்கலாம். போதாது. அக்கோப்புகளில் பல பேஜ்மேக்கரில் ஆனவை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். தமிழோ, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளைத் தரமாக்கியது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இடைக்காலக் கோப்புகளை மாற்றும் சுமை அவரவர் தலையில் விழுந்தது.

மாற்றுவதிலும் சிக்கல் உண்டு. பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என்று பதிவாகும். ஒருங்குறியில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னர். மாற்றி மென்பொருள் இதைச் சரிசெய்யும். ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்துருக்கள் கலந்திருந்தால் தடுமாறும். மெய்ப்புப் பார்ப்பவரின் கண் இன்றியமையாதது. எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் மறு அச்சுக்கு உதவும். தேடவும் திருத்தவும் பெரும்பாலும் உதவாது.

இது ஆகாத வேலையன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தொடக்கத்தில் டிஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் தந்தது. தன்னார்வலர்களின் உழைப்பு அது.

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகிச் சந்திப்புப் பகுதிக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். தரைத்தளத்தில் இருக்கும் ஒற்றைக் கணினியை நம்பி ஓர் ஊரின் எழுத்தை விட்டுவைப்பது தகுமா?

அச்சகத்தாரைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. அச்சிட்டுத் தருவதோடு அவர்கள் பணி முடிந்தது. பொறுப்பு எழுதுவோருக்கும் பதிப்பிப்போருக்கும் உரியது. நூல் கைக்கு வரும் நாளிலேயே மூலக்கோப்பு, எழுத்துரு, பிடிஎஃப், ஒருங்குறிப் பாடம் ஆகிய நான்கையும் கேட்டு வாங்குவோம். ஒரு நகலை வேறோர் ஊரிலும் வைப்போம். பழைய நூல்களுக்கு, அந்தக் கணினி இன்னும் இயங்கும்போதே அச்சகப் படியேறுவோம்.