பழி சுமக்க ஓர் ஆள்

தானே ஓடும் மோட்டார் காரின் பெருமையைப் பேசுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி வந்து மாட்டிக்கொள்கிறார்கள். "யந்திரம் குடிக்காது, தூங்காது, கோபத்தில் வண்டியை விரட்டாது. உலகத்துச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 லட்சம் பேர் சாகிறார்களே, அவர்களைக் காப்பாற்ற வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். காப்பாற்றத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த யந்திரம் ஒருவரைக் கொன்றுவிட்டால் குற்றவாளிக் கூண்டில் ஏறப்போவது யார்?

கதை எழுதுகிறவன் விஞ்ஞானத்துக்குக் குறுக்கே நிற்கிறான் என்று முகம் சுளிக்கிறார்கள். கற்பனையை வைத்துக்கொண்டு நான் இதைக் கேட்கவில்லை. நடந்ததை வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

2018 மார்ச் 18, இரவு மணி பத்தாகப் போகிறது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரம். 49 வயதுள்ள ஓர் அம்மாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகலமான சாலையைக் கடந்துகொண்டிருந்தார். ஊபர் நிறுவனம் சோதனைக்கு விட்டிருந்த வால்வோ கார் அவர்மீது மோதியது. அவர் இறந்துபோனார். தானே ஓடும் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான்.

யந்திரத்துக்குக் கண் தெரியாமல் இது நடக்கவில்லை. மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே அது அவரைக் கண்டுவிட்டது. மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அது 100 மீட்டருக்கு மேற்பட்ட தூரம், பதறாமல் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கண்டது இன்னதென்று அதற்கு விளங்கவில்லை. வண்டி என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது, மறுபடியும் மாற்றியது. எண்ணத்தை மாற்றிக்கொண்ட ஒவ்வொரு தடவையும், அந்த உருவம் அதுவரை நகர்ந்து வந்த தடத்தை மறந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்பதை மறந்தவனுக்கு எங்கே போகும் என்பது எப்படித் தெரியும்? கோடு போட்ட இடத்தில் அல்லாமல் வேறு இடத்திலும் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்பதை அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்த விஷயம்!

மோதலுக்கு 1.2 விநாடி இருக்கும்போது அதற்கு ஆபத்து புரிந்தது. அப்போதாவது பிரேக் போட்டதா? இல்லை. பொய் அபாயங்களைக் கண்டு வண்டி அடிக்கடி குலுங்கி நிற்கக் கூடாது என்பதற்காக, ஒரு விநாடி சும்மா இருக்கும்படி அதற்குக் கட்டளை இருந்தது. 0.2 விநாடி மிஞ்சியபோது ஓர் ஒலி எழுப்பியது. வால்வோ தன் காரில் வைத்திருந்த தானியங்கி அவசர பிரேக்கையும், தன் யந்திரம் ஓட்டும் நேரங்களில் வேலை செய்யாதபடி ஊபர் முடக்கி வைத்திருந்தது.

சரி, யார் பொறுப்பு? வண்டியில் மேற்பார்வைக்கு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவருடைய கண் சாலையில் இல்லை, கைப்பேசியில் இருந்தது என்று அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது. அது தவறுதான், நான் அதற்குப் பரிந்து பேச வரவில்லை. ஆனால் ராக்காவல்காரன் தடியைத் தட்டிக்கொண்டு தெருவைச் சுற்றுவது திருடனை மிரட்ட மட்டுமா? தன் தூக்கத்தை விரட்டவும்தான். அவனை நாற்காலியில் கட்டிப்போட்டு, "நீ ஒன்றும் செய்யவேண்டாம், ஆனால் கண்ணை மட்டும் மூடாதே" என்றால் எத்தனை நாழிகை தாங்குவான்? முதலில் வண்டிக்கு இரண்டு பேரை வைத்திருந்த நிறுவனம், 2017-ல் அதை ஒருவராகக் குறைத்தது. மேற்பார்வை சரியில்லை, ஆபத்தை முன்கூட்டி எடைபோடவில்லை என்று அதே வாரியம் நிறுவனத்தின் மீதும் குறை சொன்னது.

முடிவு என்ன ஆயிற்று? நிறுவனத்தின்மேல் குற்ற வழக்குத் தொடர ஆதாரம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் 2019-ல் சொல்லிவிட்டார். அந்தப் பெண்மீது 2020-ல் வழக்கு வந்தது. 2023-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு ஆளானார். பிரேக்கை முடக்கியவர், ஒரு விநாடி சும்மா இருக்கச் சொன்னவர், இரண்டு பேரை ஒருவராக்கியவர் யாரும் கூண்டைப் பார்க்கவில்லை. விபத்துக்குப் பிறகு நிறுவனம் வால்வோவின் பிரேக்கைத் திரும்ப இயக்கியது. வண்டிக்கு இரண்டு பேரை மறுபடி வைத்தது. முடியக்கூடிய காரியம்தானே? ஓர் உயிர் போகும்வரை ஏன் காத்திருக்கவேண்டும்?

"இப்போது வண்டியில் ஆளே இல்லையே, அந்தப் பேச்சு முடிந்துவிட்டது" என்பார்கள். முடியவில்லை, விபரீதமாகிவிட்டது. 2023 அக்டோபர் 2-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் மோதித் தூக்கி எறிந்த பெண், குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாத காருக்கு முன்னே வந்து விழுந்தார். அந்தக் கார் அவர்மேல் மோதி நின்றது. பிறகு, ஓரமாக ஒதுங்கவேண்டும் என்ற விதியை நினைத்துக்கொண்டு, அடியில் சிக்கியவரை ஏறத்தாழ இருபது அடி இழுத்துச் சென்றது. பழிபோட அங்கே எளியவர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆகவே உண்மையையே மறைத்தார்கள். இழுத்துச் சென்றதைச் சொல்லாமல் பொய் அறிக்கை கொடுத்ததை 2024 நவம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

யந்திரம் மனிதனைவிட நன்றாக ஓட்டும் காலம் வரலாம், வரட்டும். அதனால் என் கேள்வி செத்துவிடாது. நல்ல டாக்டர் ஆயிரம் பேரைப் பிழைக்க வைத்தார் என்பதற்காக, ஆயிரத்தோராவது ஆளின் சாவை யாரும் விசாரிக்காமல் விடுவதில்லை.

வழி இல்லாமலும் இல்லை. பிரிட்டன் 2024-ல் ஒரு சட்டம் இயற்றியது. வண்டி தானே ஓடும் நேரத்தில் அது ஓடிய விதத்துக்கு இருக்கையில் இருப்பவர் குற்றவாளி ஆகமாட்டார். அங்கீகாரம் பெற்ற நிறுவனமே பதில் சொல்லவேண்டும். பாதுகாப்பைப் பற்றிப் பொய் சொன்னால் அது குற்றம். இந்த நியாயம் எல்லா நாட்டுக்கும் வேண்டும். வாடகைக்கார் ஓட்டுகிற ஏழையிடம் பெயரும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதானே லைசென்ஸ் கொடுக்கிறோம்? ஆயிரம் கார்களை ஒரே கட்டளையால் ஓட்டுகிறவரிடமும் வாங்குவோம். அந்தக் கையெழுத்தைப் போட அவர் தயங்கினால், அவருடைய வண்டியைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்றும் இல்லை.