கண்மாய் மீனுக்கு வந்த கேடு

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால்தான் நெல்லும் உண்டு, மீனும் உண்டு. கோடையில் தண்ணீர் வற்றும்போது பிடிக்கிற கெண்டை, கெளுத்தி, விரால்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் காசில்லாத சத்துணவு.

முன்பு பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுப்போம். இப்போது கூலி கட்டவில்லை என்று களைக்கொல்லி அடிக்கிறார்கள். போன வருஷம் என் கொழுந்தனார் மருந்து அடித்துவிட்டு, டேங்கைக் கண்மாயிலேயே அலசினார். மறுநாள் கரையோரம் மீன் குஞ்சுகள் செத்து மிதந்தன. கேட்டதற்கு, "டப்பாவில சிவப்பு முக்கோணம் இல்லையே மதினி, ஒண்ணும் செய்யாது" என்றார்.

அந்த முக்கோணத்தின் நிறம் மனிதர்களுக்கு எவ்வளவு விஷம் என்பதைத்தான் சொல்லும். மீனைப் பற்றிச் சொல்லாது. நெல் வயலுக்கு அடிக்கும் பெண்டிமெத்தலின், பியூட்டாகுளோர் இரண்டுமே மீனுக்குக் கடும் விஷம். காலி டப்பாவையும் கழுவிய தண்ணீரையும் நீர்நிலை கெடாதபடி அப்புறப்படுத்த வேண்டும் என்று 1971-ம் வருஷத்துப் பூச்சிமருந்து விதிகளிலேயே இருக்கிறது. யார் கேட்கிறார்கள்?

சகோதரிகளே, நம் வீட்டு ஆண்களிடம் நாம்தான் சொல்ல வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வரும்போது மருந்து அடிக்க வேண்டாம். அடித்த வயல் தண்ணீரைச் சில நாள் வடிய விடாமல் வரப்பைக் கட்டுங்கள். டேங்கை வயலிலேயே கழுவி, டப்பாவை உடைத்துப் புதையுங்கள். மீனை ஆய்ந்து குழம்பு வைத்துப் பிள்ளைக்கு ஊட்டுவது நாம்தானே!

- ஒரு வாசகி, உத்தரகோசமங்கை.