கடையை மூடியது யார்?

இங்கிலாந்தில் கடைவீதிகள் செத்துக்கொண்டு வருகின்றன என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் பல வருஷங்களாக ஒப்பாரி வைத்து வருகின்றன. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் கழிந்ததும், இவ்வருஷம் எந்தக் கடை மஞ்சள் கடுதாசி கொடுக்கப்போகிறது என்று எதிர்பார்ப்பது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. துணிக்கடை, பாத்திரக்கடை, பொம்மைக்கடை, சாப்பாட்டுக்கடை என்ற வித்தியாசமில்லாமல், ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் கதவை இழுத்துச் சாத்தியிருக்கின்றன.

இதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், "காலம் மாறிவிட்டது, ஜனங்கள் வீட்டிலிருந்தபடியே இண்டர்நெட்டில் சாமான் வாங்குகிறார்கள், இதற்கு யார் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிடுகிறார்கள். நம் நாட்டில் எதற்கெடுத்தாலும் தலைவிதி என்பார்களே, அதே விதியைத்தான் அங்கே "மார்க்கெட்டு" என்றும், "காலமாறுதல்" என்றும் பெயர் மாற்றிச் சொல்லுகிறார்கள். விதி என்று சொல்லிவிட்டால் பிறகு யாரையும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை அல்லவா? ஆதலால் இக்காரணம் எவ்வளவு தூரம் நிற்கக்கூடியது என்று சற்று ஆராய்வோம்.

இண்டர்நெட் வியாபாரம் கடைவீதியைப் பாதிக்கவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இன்று அந்நாட்டுச் சில்லறை வியாபாரத்தில் நூற்றுக்கு 25 பாகத்துக்கு மேல் அவ்வழியாக நடக்கிறது. ஆனால் உல்வொர்த்ஸ் என்ற கடை எப்பொழுது விழுந்தது? 1909-ம் வருஷம் லிவர்பூலில் ஆரம்பித்து, 800-க்கு மேற்பட்ட கிளைகளும் சுமார் 27,000 ஆட்களும் கொண்டிருந்த அக்கடை, 2008-ல் விழுந்து 2009 ஜனவரி 6-ந் தேதி கடைசிக் கதவையும் மூடியது. அக்காலத்தில் இண்டர்நெட் வியாபாரம் நூற்றுக்கு 5 பாகம் அளவுக்குத்தான் இருந்தது. அதாவது ஜனங்கள் செலவழித்த 100 பவுனில் ஏறக்குறைய 95 பவுன் கடைகளில்தான் விழுந்துகொண்டிருந்தது. 95 பவுன் கிடைக்கிற வீதியில் இருந்த கடையை 5 பவுன் கொன்றுவிட்டது என்றால் எந்தப் பகுத்தறிவு ஒப்புக்கொள்ளும்?

பிரைமார்க் என்ற துணிக்கடையோ வீட்டுக்குச் சாமான் அனுப்புவதே இல்லை. கடைக்கு வந்துதான் எடுத்துக்கொண்டு போகவேண்டும். அதுவும் அதே கடைவீதியில்தான் இருக்கிறது; கூட்டமும் நெரிகிறது. ஆகவே வீதியின்மேல் மாத்திரம் பழிபோடுவது சரியல்ல.

வீட்டை விற்றுக் குடிக்கூலிக்கு இருந்த கதை

அப்படியானால் வேறு என்ன நடந்தது? உல்வொர்த்ஸ் கடைக்குப் பல ஊர்களில் சொந்தக் கட்டடங்கள் இருந்தன. 2001-ல் அதன் தாய்க் கம்பெனி அதைத் தனியே பிரித்துவிடுகிறபோது, 182 கட்டடங்களைச் சுமார் 61 கோடி பவுனுக்கு விற்றுவிட்டு, அதே கட்டடங்களில் உல்வொர்த்ஸை வாடகைக்கு உட்கார்த்தி வைத்தது. விற்ற பணம் பழைய முதலாளிக்கு. வாடகைப் பாரம் கடைக்கு. ஏழே வருஷத்தில் கடை கவிழ்ந்தது.

டெபன்ஹாம்ஸ் கடையின் கதையும் இதற்கு இளைத்ததல்ல. 1778-ல் வேர்விட்ட அக்கடையை 2003-ல் முதலீட்டு முதலாளிகள் மூவர் கூட்டுச் சேர்ந்து, பெரும்பகுதி கடன் பணத்தைக்கொண்டு வாங்கினார்கள். வாங்கின கடன் யார் தலையில் ஏறியது? வாங்கினவர்கள் தலையில் அல்ல, கடையின் தலையில்! 2005-ல் 23 கட்டடங்களை விற்று, அதே கட்டடங்களுக்கு நீண்டகாலக் குத்தகை எழுதிக்கொடுத்தார்கள். 2006-ல் பங்குகளைப் பொதுஜனங்களுக்கு விற்றுவிட்டு வெளியேறுவதற்குள், லாபப் பங்காக மாத்திரம் சுமார் 120 கோடி பவுன் எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது கடனும் குத்தகையும்தான். 2021 மே மாதத்தில் கடைசிக் கிளையும் மூடப்பட்டது. சுமார் 12,000 பேருக்கு வேலை போயிற்று. 243 வருஷத்துப் பெயரை மாத்திரம் ஒரு இண்டர்நெட் வியாபாரி 5 கோடியே 50 லக்ஷம் பவுனுக்கு வாங்கிக்கொண்டார். பெயருக்கு விலை இருந்தது, ஆட்களுக்கு இல்லை.

நம்மூரில் ஒரு குடியானவன் இருந்த நிலத்தையும் வீட்டையும் விற்றுத் தின்றுவிட்டு, அந்த வீட்டிலேயே குடிக்கூலிக்கு இருந்துகொண்டு, பிறகு மழை பெய்யவில்லை என்று அழுதால் ஊர் சிரிக்காதா? அங்கேயோ தின்றவர் ஒருவர், அழுகிறவர் வேறொருவர். அதுதான் வித்தியாசம்.

ஒரு பவுன் வியாபாரம்

இவற்றிற்கெல்லாம் சிகரம் வைத்ததுபோன்றது பி.எச்.எஸ். கடையின் கதை. 1928-ல் லண்டனில் பிரிக்ஸ்டன் பகுதியில் பிறந்த அக்கடையை 2000-த்தில் பிலிப் கிரீன் என்ற வியாபாரி வாங்கினார். அப்பொழுது தொழிலாளர் பென்ஷன் நிதியில் பணம் மிச்சமாகவே இருந்தது. 2002 முதல் 2004 வரையில் அவர் குடும்பமும் மற்றப் பங்குதாரர்களுமாக 40 கோடி பவுனுக்கு மேல் லாபப் பங்கு எடுத்தார்கள். லாபம் வந்த வருஷங்களில் சட்டப்படிதான் எடுத்தோம் என்றார்கள். ஆம், சட்டப்படிதான்! அதுதான் நமது குறையும்.

பிறகு வியாபாரம் படுத்தது. பென்ஷன் நிதியில் பள்ளம் விழுந்தது. 2015 மார்ச்சில் கடை முழுவதையும் டொமினிக் சாப்பெல் என்பவருக்கு ஒரே ஒரு பவுனுக்கு விற்றார். வாங்கியவரோ முன்னமே திவாலானவர். இவ்வளவு பெரிய கடையை நடத்தி அனுபவமில்லாதவர். பதின்மூன்றாவது மாதத்தில் கடை விழுந்தது. 11,000 பேருக்கு வேலை போயிற்று. சுமார் 20,000 பேருக்குச் சேரவேண்டிய பென்ஷன் நிதியில் குறைவு 57 கோடியே 10 லக்ஷம் பவுன்! பார்லிமெண்டுக் கமிட்டி விசாரித்தது. பத்திரிகைகள் கூச்சலிட்டன. சர் பட்டத்தைப் பிடுங்கவேண்டுமென்று 2016 அக்டோபரில் காமன்ஸ் சபை தீர்மானம் செய்தது. அதற்குப் பிறகுதான், 2017 பிப்ரவரியில், கிரீன் 36 கோடியே 30 லக்ஷம் பவுன் பென்ஷன் நிதிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். சாப்பெல் வரி ஏய்த்ததற்காக 2020-ல் ஆறு வருஷம் சிறைத்தண்டனை பெற்றார். கூச்சல் போட்டதினால் இவ்வளவாவது வந்தது. கூச்சல் போடப்படாத கடைகள் எத்தனையோ!

சாப்பாட்டுக் கடைகள்

சாப்பாட்டுக்கடைகள் விஷயத்தில் இண்டர்நெட்டின்மேல் பழிபோடவும் வழியில்லை. ஏனென்றால் மேஜையில் உட்கார்ந்து தின்பதைக் கம்பிவழியாக அனுப்ப முடியாது. அங்கே நடந்தது என்னவென்றால், ஒரு ஊரில் நாலு கடை லாபமாக நடந்தால், கடன் வாங்கி நாற்பது ஊரில் நாற்பது கடை திறப்பது. எல்லாரும் ஒரே காலத்தில் அப்படியே செய்வது. வீதிக்கு வீதி ஒரே மாதிரி ரொட்டியும் இறைச்சியும் விற்பது. பசி பெருகவில்லை, மேஜை மாத்திரம் பெருகியது. 2018 என்ற ஒரே வருஷத்தில் பைரன், பிரெஸ்ஸோ, கார்லுச்சியோஸ், ஜேமிஸ் இட்டாலியன் ஆகிய நான்கு கம்பெனிகள் கடன்காரர்களிடம் சலுகை கேட்டுக் கிளைகளை மூடின. அவற்றில் ஜேமிஸ் இட்டாலியன், உடையவர் சொந்தப் பணத்தைக் கொட்டியும்கூட நிலைக்காமல், 2019 மே மாதத்தில் அடியோடு சாய்ந்தது. பீட்ஸா ஹட் சாப்பாட்டு அறைகளை நடத்திய கம்பெனி 2025 ஜனவரியில் ஒரு தடவை கைமாறி, அதே வருஷம் அக்டோபரில் மறுபடியும் விழுந்தது. 68 கடைகள் மூடப்பட்டு 1,210 பேர் வேலையிழந்தார்கள்.

இதற்குக் கூலி உயர்வும், 2025 ஏப்ரலில் முதலாளிகள் செலுத்தும் இன்ஷூரன்ஸ் வரி நூற்றுக்கு 13.8-லிருந்து 15 ஆக உயர்த்தப்பட்டதும்தான் காரணம் என்று ஒரு சாரார் சொல்லுகிறார்கள். சிறு கடைக்காரனுக்கு அது பாரந்தான் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் 2008-ல் விழுந்த கடையையும், 2016-ல் விழுந்த கடையையும் 2025-ம் வருஷத்து வரியா கொன்றது? தட்டுக் கழுவுகிறவனுக்குக் கூலி கொடுக்கிறபோது மாத்திரம் வயிறு எரிகிறவர்களுக்கு, 120 கோடி வெளியே போனபோது ஏன் எரியவில்லை என்று கேட்கிறோம்.

இறங்கத் தெரியாத வாடகை

வாடகை விஷயத்தில் உள்ள அக்கிரமத்தையும் சொல்லவேண்டும். அங்கே கடைக் குத்தகைகளில், ஐந்து வருஷத்துக்கொரு முறை வாடகையைத் திருத்தும்போது ஏற்றலாமே தவிர இறக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை எழுதுவது வெகுகாலத்து வழக்கம். வியாபாரம் பாதியானாலும் வாடகை பாதியாகாது. ஐயர்லாந்தில் 2010 முதல் புதுக் குத்தகைகளில் இது கூடாதென்று தடுத்துவிட்டார்கள். இங்கிலாந்து சர்க்கார் 2025 ஜூலையில்தான் இதைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார்கள். இது தவிர, கடைக் கட்டடத்துக்குப் போடும் வரியும் வாடகை மதிப்பைப் பார்த்துப் போடப்படுகிறதே ஒழிய லாபத்தைப் பார்த்து அல்ல. ஊருக்கு வெளியே மலிவான நிலத்தில் கிடங்கு கட்டிக்கொண்டு இண்டர்நெட்டில் விற்கிறவனுக்குச் சதுர அடிக்கு வரி குறைவு. ஊர் நடுவில் விளக்கேற்றி வைத்திருக்கிறவனுக்கு அதிகம். இது விதியா, அல்லது மனிதன் எழுதிய சட்டமா?

கண்ணுக்குத் தெரியாத ஆள்

நிற்க, இத்தனைக்கும் அஸ்திவாரமாக ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. கம்பெனி என்பது ஒரு தனி ஆள் என்பதே அது. 1896-ல் சாலமன் என்ற பூட்ஸ் வியாபாரியின் வழக்கில் பிரபுக்கள் சபை இதை உறுதிப்படுத்தியது. அவர் தம் கடையையே ஒரு கம்பெனியாக்கி, மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுத்து, மற்றதையெல்லாம் தாமே வைத்துக்கொண்டார். கம்பெனி திவாலாயிற்று. கம்பெனி வேறு, சாலமன் வேறு; ஆகையால் சாமான் கொடுத்தவர்கள் அவரைத் தொடமுடியாது என்று தீர்ப்பாயிற்று.

பணம் போடுகிறவனுக்குச் சற்றுப் பாதுகாப்பு இருந்தால்தான் தொழில் வளரும் என்பதை நாமும் அறிவோம். ஆனால் இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆளுக்குப் பசி கிடையாது, வெட்கம் கிடையாது, கடன்மாத்திரம் உண்டு. லாபம் வரும்போது "கடை என்னுடையது" என்கிறவர், நஷ்டம் வரும்போது "அது வேறு ஆள்" என்கிறார். இதைவிட வசதியான நம்பிக்கையை எந்தப் புரோகிதனும் கண்டுபிடித்ததில்லை!

கடை விழுந்தபின் மிஞ்சிய சொத்தைப் பங்குபோடும் வரிசையைப் பாருங்கள். அடமானம் பிடித்தவன் முதல். கணக்கு முடிக்க வருகிற நிபுணர்களின் சம்பளம் அடுத்தது. தொழிலாளிக்குப் பாக்கிக் கூலியில் 800 பவுன் வரைக்கும், லீவுச் சம்பளத்துக்கும்தான் முன்னுரிமை. சாமான் அனுப்பியவர்களும், பேரப்பிள்ளைக்கென்று கிழவி முன்பணம் கொடுத்து வாங்கிவைத்த பரிசுச் சீட்டும் கடைசி வரிசைகளில் நிற்கவேண்டும். திருப்பூரில் இரவுபகலாய்த் தைத்து அனுப்புகிறவனும் அந்த வரிசையில்தான் நிற்கிறான் என்பதை நம் தோழர்கள் மறக்கக்கூடாது.

உல்வொர்த்ஸ் ஆட்களைக் கலந்து பேசாமல் நீக்கியதற்காக 2012-ல் சுமார் 24,000 பேருக்கு நஷ்டஈடு தீர்ப்பாயிற்று. ஆனால் 3,000 பேருக்கு மேல் ஒரு காசும் கிடைக்கவில்லை. ஏன்? அவர்கள் வேலை செய்த கிளையில் 20 பேருக்குக் குறைவாக இருந்தார்களாம்! ஒரே கம்பெனி, ஒரே வேலை, ஒரே நாளில் நீக்கம். பெரிய கிளையில் இருந்தவனுக்கு உண்டு, சின்னக் கிளையில் இருந்தவளுக்கு இல்லை. ஐரோப்பியக் கோர்ட்டும் 2015-ல் இச்சட்டம் செல்லும் என்றே சொல்லிவிட்டது. இதே கடையின் கடைசி மிட்டாய்ப் பை ஒன்று 2009-ல் 14,500 பவுனுக்கு ஏலம் போயிற்று. மிட்டாய்க்காகக் கண்ணீர் விட்ட தேசம், அதை நிறுத்துப் போட்ட கைக்கு என்ன கொடுத்தது?

செய்யவேண்டியது

நமது அபிப்பிராயம் இதுதான். பென்ஷன் நிதியில் குறைவிருக்கும் வரை லாபப் பங்கு எடுக்கக்கூடாது. கடையை வாங்குகிற கடன் வாங்குகிறவன் தலையிலேயே இருக்கவேண்டும். திவாலில் தொழிலாளியின் கூலி முழுவதும் முதல் வரிசையில் வரவேண்டும். பரிசுச் சீட்டுப் பணம் தனியே பத்திரப்படுத்தப்படவேண்டும். வாடகை ஏறுகிறதுபோல் இறங்கவும் வேண்டும். இவற்றில் எதுவும் ஆகாயத்திலிருந்து வரவேண்டியதில்லை; பார்லிமெண்டில் கையைத் தூக்கினால் போதும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக, உழைக்கிறவர்களுக்குக் கடையில் பாத்தியதை வேண்டும். ஜான் லூயிஸ் கடை 1929-லிருந்து தொழிலாளருக்காக ஏற்பட்ட டிரஸ்டின் கையில் இருக்கிறது. ரிச்சர் சவுண்ட்ஸ் கடையின் உடையவர் 2019-ல் தம் பங்கில் நூற்றுக்கு 60-ஐத் தொழிலாளர் டிரஸ்டுக்கு மாற்றினார். இது மந்திரம் என்று நாம் சொல்லவில்லை. ஜான் லூயிஸும் 2020-லும் 2021-லும் சில கிளைகளை மூடத்தான் செய்தது. வியாபாரம் என்றால் நஷ்டமும் உண்டு; பழைய கடை போவதும் புதுக் கடை வருவதும் உண்டு. ஆனால் அங்கே கட்டடத்தை விற்றுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போன வெளி ஆள் யாரும் இல்லை. நஷ்டம் வந்தால் எல்லாருக்கும் நஷ்டம், லாபம் வந்தால் எல்லாருக்கும் லாபம் என்பதே யோக்கியமான வியாபாரமாகும்.

ஆகவே இனி ஒரு கடை மூடப்பட்டது என்ற செய்தியைப் பார்த்ததும் "ஐயோ, காலம் கெட்டுவிட்டது" என்று பெருமூச்சு விடாதீர்கள். அக்கடையின் கட்டடத்தை விற்றது யார், கடனை ஏற்றியது யார், கடைசிப் பத்து வருஷத்தில் லாபத்தை எடுத்தது யார் என்று கேளுங்கள். கேள்விக்குப் பதில் கிடைத்த இடத்தில் விதிக்கு வேலையில்லை.