எடுத்தோம், படித்தோமா?

கணினித் துறையில் பயிலும் நம்மவரிடையே ஒரு பழக்கம் உண்டு. தேவையான நிரலை இணையத்தில் தேடுவோம், எடுப்போம், ஒட்டுவோம். ஓடினால் போதும், மறுபடி திறந்து பார்க்கமாட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இறுதியாண்டுத் திட்டமாக ஓர் உரையாடல் மென்பொருளைச் செய்தேன். நான்கைந்து பேர் சுருக்கமாக எழுதியவரை ஒழுங்காக ஓடியது. பலர் ஒரே நேரத்தில் தமிழில் நீளமாக எழுதத் தொடங்கியதும் சொற்களின் நடுவே கேள்விக்குறிகள் முளைத்தன. ஆங்கிலத்தில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. வழக்கம்போல் பழியை எழுத்துருவின் மேல் போட்டேன்.

பிறகு, கொரிய நிரலாளர் டிரஸ்டின் லீ தொடங்கிய 'நெட்டி' என்னும் திறந்தமூல ஜாவா நிரலகத்துக்கு மாறினேன். மாமாக் கடையில் மேசைக்கு ஒரு பணியாளரை நிறுத்தினால் கட்டுப்படியாகுமா? கூப்பிடும் மேசைக்கு ஓடிச் செல்லும் சிலர் இருந்தால் போதும். நெட்டியும் அவ்வாறே, சில இழைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கிறது. கசாண்ட்ரா தரவுத்தளமும் மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பும் இதைப் பயன்படுத்துகின்றன.

மாதிரி நிரலை அப்படியே ஒட்டினேன். கேள்விக்குறிகள் மறைந்தன. "ஏன் மறைந்தன?" என்று விரிவுரையாளர் கேட்டார். பதில் தெரியாமல் நின்றேன்.

அன்றிரவுதான் மூல நிரலைத் திறந்து படித்தேன். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. 'வணக்கம்' என்பதற்கு 21. டிசிபி வழியாக வருவது பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே. ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை அது சொல்லாது. ஓர் எழுத்தின் பாதி வந்ததுமே என் பழைய நிரல் அவசரப்பட்டு அதை வாசித்துவிட்டது. நான் ஒட்டிய நெட்டிப் பகுதியோ, செய்தியின் நீளத்தைப் பார்த்து, முழுதும் வந்து சேரும்வரை காத்திருந்தது. எழுத்துரு ஒரு பாவமும் செய்யவில்லை.

திறந்தமூலம் என்றால் இலவசம் என்று மட்டுமே புரிந்து வைத்திருக்கிறோம். படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் உரிமையல்லவா அதன் உயிர்? கதவு திறந்திருந்தும் எவரும் உள்ளே நுழையாவிட்டால் என்ன பயன்? ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் புகுந்த 'ஹார்ட்பிளீட்' பிழை, 2014 ஏப்ரலில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பயன்படுத்தியவர்கள் கோடிக்கணக்கில், கூர்ந்து படித்தவர்கள் மிகச் சிலரே.

தேர்வு, பகுதிநேர வேலை, பேரவைப் பணிகள் என்று நேரமில்லைதான். முழு நிரலகத்தையும் படிக்கச் சொல்லவில்லை. நீங்கள் எடுத்து ஒட்டிய அந்த ஒரு பகுதியையாவது படியுங்கள். பிழை கண்டால் தெரிவியுங்கள். புரிந்ததை இளையோருக்காகத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். தமிழில் தொழில்நுட்ப நூல்கள் இல்லையே என்று மேடையில் வருந்துவதைவிட அது மேல்.

எடுத்தவர் நாம். கொஞ்சமேனும் திருப்பிக் கொடுப்பவராகவும் இருப்போம்.